நாச்சிமுத்து தட்டிய வரி

மார்ச் 4, திங்கள்

கம்பெனி வருடா வருடம் கொடுக்கும் டைரியில் எங்கள் பழைய கம்ப்யூட்டர் மெஷின் சமாச்சாரம் தவிர வேறெதையும் நான் எழுதியதில்லை. எந்தத் தேதியில் டிஸ்க் மாற்றினோம், எப்போது கரண்ட் போனது, எவன் டெர்மினலில் டீயைக் கொட்டினான், இவ்வளவுதான். இந்த மாதம் 31-ஆம் தேதியோடு மெஷினை நிறுத்துகிறார்கள். எனக்கும் அன்றைக்குத்தான் ரிட்டயர்மென்ட். இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று கேன்டீனில் ஒருவன் சொன்னானாம். சொன்னவன் யாரென்று எனக்குத் தெரியும், ஸ்டோர்ஸ்காரன்தான்.

மாலை நாலு மணிக்கு முதலாளி ஸ்ரீதர் கூப்பிட்டார். போனால் எதிர் நாற்காலியில் ஒரு பெண். முகம் தெரிந்தமாதிரி இருந்தது, பிடிபடவில்லை. அவளே எழுந்து, "சித்தப்பா, என்னைத் தெரியுதுங்களா? சத்யகலா. நாச்சிமுத்து பொண்ணு" என்றாள்.

கடைசியாக நான் பார்த்தபோது அவளுக்கு எட்டு வயது.

"அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு சித்தப்பா. இந்த மெஷினை நிறுத்தப் போறாங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்னால ஒருக்கா தேடிப் பாக்கச் சொல்றாரு. நாலாயிரத்து நானூத்தி எழுவத்தொண்ணாம் லாட்டு. அதை அனுப்ப வேண்டாம்னு அவரு தட்டி வெச்சாரா இல்லையா. அது மட்டும் தெரிஞ்சாப் போதும்ங்கறாரு."

ஸ்ரீதர் நல்ல பிள்ளை. "எங்கப்பா காலத்துல நடந்தது, எனக்கு ஒண்ணும் தெரியாது. தேடிப் பாருங்க சார். இருந்தா இருக்குன்னும், இல்லைன்னா இல்லைன்னும் எழுதி சீல் வெச்சுக் குடுத்துடுங்க" என்றார்.

சரி என்று வந்துவிட்டேன். ஏசி மறுபடி ஒழுகுகிறது. கீழே வாளி வைத்திருக்கிறேன்.

மார்ச் 5, செவ்வாய்

புது சாஃப்ட்வேர் போடுகிற கம்பெனியிலிருந்து ரெஹானா என்கிற பெண் சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். முப்பது வயதிருக்கும். பழைய மெஷினை ஏளனமாகப் பார்ப்பாள் என்று நினைத்தேன். இல்லை. உட்கார்ந்ததும் கட்டளைகளைக் கடகடவென்று தட்டுகிறாள். இந்த மெஷினிலேயே ஆறு வருடம் வேலை பார்த்தவளாம்.

நாற்பத்தொரு லைப்ரரி, 2,316 டேட்டா ஃபைல். புரோகிராம்களுக்குள் ஒரு சொல்லைத் தேட இந்த மெஷினில் கட்டளை உண்டு. டேட்டாவுக்குள் தேட அப்படி ரெடிமேடாக ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, ரெக்கார்டு ரெக்கார்டாக வாசித்து, கேட்ட எழுத்து இருக்கிறதா என்று பார்க்க நாமே ஒரு புரோகிராம் எழுத வேண்டும். மத்தியானத்துக்குள் எழுதிவிட்டேன். ரெஹானா வாசித்துப் பார்த்து, "சுத்தமா இருக்கு சார்" என்றாள். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 7, வியாழன்

நடந்ததை எழுதி வைத்துவிடுகிறேன். பின்னால் யாராவது வாசித்தால் தலைகால் புரிய வேண்டும்.

எங்களுடையது பஸ், லாரிகளுக்கு பிரேக் டிரம் வார்க்கிற ஃபவுண்டரி. ஒரே உருக்கில் வார்த்தவை ஒரு லாட். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு லாட்டையும் பார்த்து, குறை இருந்தால் அங்கேயே இருக்கிற டெர்மினலில் 'நிறுத்து' என்று ஒரு குறிப்பு தட்டுவார். குறிப்பு இருந்தால் அந்த லாட்டுக்கு அனுப்புச் சீட்டு அச்சாகாது. குறிப்பு இல்லையென்றால் சீட்டு தானாக வரும், அடியில் இன்ஸ்பெக்டர் பெயரோடு. அந்த ஏற்பாட்டைச் செய்தது நான்தான்.

2000-ஆம் வருடம் பிப்ரவரியில் 4471 லாட் போனது. ஆகஸ்டில் அதிலிருந்த ஒரு டிரம் கோத்தகிரி மலைப்பாதையில் உடைந்தது. டிரைவர் அங்கமுத்து பஸ்ஸை மலைப்பக்கம் திருப்பி மோதினார். உள்ளே இருந்த முப்பத்தெட்டு பேரும் பிழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. அன்னூர்க்காரர். சீட்டில் நாச்சிமுத்து அண்ணன் பெயர் இருந்தது. அவர், "நான் கிராக் இருக்குன்னு தட்டி நிறுத்தி வெச்சனே" என்றார். மெஷினில் பார்த்தார்கள், குறிப்பு இல்லை. வழக்கு நிற்கவில்லை, வேலை போனது. அதற்கப்புறம் யாரும் அவரை எந்த ஃபவுண்டரியிலும் சேர்க்கவில்லை. டிரைவரைக் கொன்ற ஆள் என்று பெயராகிவிட்டது.

இன்றைக்கு 'கிராக்' என்ற சொல்லைப் போட்டுச் சோதனைக்கு ஓட்டினேன். 614 இடம். பாதி தீபாவளிப் பட்டாசு லிஸ்ட், ஆங்கிலத்தில் பட்டாசும் கிராக்கர்தானே. ரெஹானா விழுந்து விழுந்து சிரித்தாள். மீதியில் முக்கால்வாசி நாச்சிமுத்து அண்ணன் தட்டியவை. எல்லாவற்றிலும் 'ப்ளீஸ்' இருக்கிறது. விளிம்பில் கிராக், ப்ளீஸ் நிறுத்தவும். இரும்பைப் பற்றி இவ்வளவு மரியாதையாக எழுதுகிற ஆளை நான் வேறு பார்த்ததில்லை.

மார்ச் 8, வெள்ளி

சிவராத்திரி. விசாலம் விரதம். சத்யகலா வந்ததைச் சொன்னேன்.

"நம்ம ரேவதி பொறந்தப்ப எனக்கு ரத்தம் குடுத்த மனுசனுங்க அவரு. நல்லாத் தேடிக் குடுங்க" என்றாள்.

"கெடைக்காது விசாலம்."

"தேடறதுக்கு முந்தியே கெடைக்காதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

பழைய மெஷின், பழைய ஃபைல் என்று ஏதோ சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

மார்ச் 10, ஞாயிறு

ஆள் இல்லாத நாள் என்பதால் காலை எட்டு மணிக்கே போய் 2,316 ஃபைலிலும் 4471-ஐத் தேட விட்டேன். ஆறு மணி நேரம் ஓடியது. முப்பத்தெட்டு இடத்தில் கிடைத்தது. ஒரு மோல்டரின் டோக்கன் நம்பர், ஒரு லாரி நம்பர், ஆபீஸ் சீலிங் ஃபேனின் சீரியல் நம்பர். உருக்கிய ஃபைலில் லாட் 4471 இருக்கிறது. அனுப்பிய ஃபைலிலும் இருக்கிறது. குறிப்பு ஃபைலில் இல்லை. குறிப்பு எண்கள் 7712-க்குப் பிறகு 7714. குறை தீர்ந்த லாட்டின் குறிப்பை அழித்துவிடுவதால் இப்படி இடைவெளி நிறைய உண்டு. நிறைய.

எதிர்பார்த்ததுதான்.

வெளியே வரும்போது போன். புது நம்பர். "சிகாமணியா? நான் நாச்சிமுத்து பேசறேன்."

இருபத்துநாலு வருடத்தில் முதல் தடவை. குரல் கொஞ்சம் கம்மியிருக்கிறது, அவ்வளவுதான். ரேவதி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். எத்தனை குழந்தை என்று கேட்டார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, உங்கிட்ட மட்டும் சொல்றேன். வீட்ல கூடச் சொன்னதில்லை. அன்னைக்கு என்ற தங்கச்சி மகளுக்குச் சீரு. அஞ்சே காலு பஸ்ஸைப் புடிக்கோணும்னு ஓடுனேன். தட்டுனது நல்லா ஞாபகம் இருக்குது. ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்குது. கடைசில என்டரை அமுத்துனனா இல்லையான்னுதான் தெரியலை. அமுத்தலைன்னா அது உள்ள போயிருக்காதல்ல?"

"போயிருக்காதுங்ணா."

"அதான். அமுத்தியிருந்தா நான் யாரையும் கொல்லலை. அமுத்தலைன்னா அந்த டிரைவரு என்னாலதான் செத்தாரு. இத்தனை வருசமா இதுதான் ஓடீட்டு இருக்குது. ஊரு என்ன பேசுனாலும் எனக்குக் கவலையில்லை. எனக்குத் தெரியோணும். நீ பாத்துச் சொன்னா நான் ஒத்துக்குவேன். வேற யாரு சொன்னாலும் நம்ப மாட்டேன்."

பார்க்கிறேன் என்றேன். அழுத்தினீர்கள் அண்ணா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நாலு சொல் கூட இல்லை.

மார்ச் 12, செவ்வாய்

ரெஹானா கெட்டிக்காரி. காலையில் அவளாகவே குறிப்பு ஃபைலின் விவரத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள்.

"சார், இதுல பதினெட்டாயிரத்து இருநூத்தி ஆறு டெலீட்டட் ரெக்கார்ட் இருக்கு. நம்ம தேடல் அதையெல்லாம் தாண்டிப் போயிடுது."

இந்த மெஷினில் ஒரு ரெக்கார்டை அழித்தால் அழிந்தது என்று ஒரு அடையாளம் மட்டும் விழும். எழுத்து அப்படியே உள்ளே கிடக்கும். ரீஆர்க் என்று ஒரு கட்டளை கொடுத்து ஃபைலைச் சுருக்கினால்தான் உண்மையில் போகும். அதுவரை ஃபைலை அப்படியே பச்சையாக டம்ப் எடுத்தால் அழித்த வரியையும் வாசிக்கலாம், எந்தத் தேதியில் தட்டியது என்பது உட்பட. மெஷின் தெரிந்த யாருக்கும் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாமலா இருக்கும்.

"எல்லா ஃபைலையும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரீஆர்க் பண்ணியிருக்கீங்க. இது ஒண்ணுதான் லிஸ்ட்ல இல்ல. எப்படி சார் விட்டுப் போச்சு?"

"விட்டுப் போச்சும்மா."

"நல்லதாப் போச்சு சார். நாளைக்கு எனக்கு ஸ்டோர்ஸ்ல வேலை. வியாழக்கிழமை டம்ப் எடுத்துப் பாத்துடலாம். பாவம், அந்தப் பெரியவருக்கு ஏதாச்சும் கெடைச்சா நல்லதுதானே."

அந்த லிஸ்ட்டை எழுதியது நான். 2000 செப்டம்பரில் முதல் தடவையாக ரீஆர்க் ஏற்பாடு செய்தபோது அந்த ஒரு ஃபைலின் பெயரை மட்டும் அதில் சேர்க்கவில்லை. அப்புறம் தொண்ணூறு தடவைக்கு மேல் ரீஆர்க் ஓடியிருக்கும். ஒவ்வொரு தடவையும் அது மட்டும் பத்திரமாக இருந்தது. ஏன் சேர்க்கவில்லை என்று என்னை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

மார்ச் 13, புதன்

காலாண்டு வேலை: ஆர்டர் ஃபைல்கள் ரீஆர்க், ஸ்டோர்ஸ் ஃபைல்கள் ரீஆர்க், குறிப்பு ஃபைல் ரீஆர்க். நேரம் 11.40. எர்ரர் இல்லை.

தேடுவதற்கு வேகமாக இருக்கும்.

மார்ச் 14, வியாழன்

ரெஹானா பத்து மணிக்கு உட்கார்ந்தாள். பத்து நிமிடம் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள்.

"டெலீட்டட் ரெக்கார்ட் ஜீரோ காட்டுது சார். நேத்து யாரோ ரீஆர்க் பண்ணியிருக்காங்க."

"மார்ச் மாசம்னா பண்றதுதான்."

"இந்த ஃபைலை எப்பவுமே பண்ணினதில்லையே சார்."

வாளியில் தண்ணீர் நிறைந்திருந்தது, எடுத்துக் கொட்டிவிட்டு வந்தேன். அவள் அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"பேக்கப் இருக்குமா சார்?"

"டேப் டிரைவ் படுத்து ரெண்டு வருசமாச்சும்மா."

அது உண்மை. டேப்புக்குப் பதிலாக தினமும் மாலை ஏழு மணிக்கு டிஸ்க்கில் ஒரு காப்பி எடுக்கிறோம். கிழமைக்கு ஒன்று, அடுத்த வாரம் அதே கிழமையில் அதன்மேலேயே எழுதிவிடும். அதைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைக் காப்பியில் பழைய ஃபைல் முழுசாக இருக்கிறது. வரும் செவ்வாய் மாலை ஏழு மணி வரை இருக்கும்.

ரெஹானா சாயங்கால வண்டிக்குச் சென்னை போகிறாள். 25-ஆம் தேதிதான் வருவாள். போகும்போது வழக்கமாகச் சொல்கிற 'வரேன் சார்' சொல்லவில்லை.

மார்ச் 16, சனி

இன்னும் மூன்று நாள்.

ரிட்டயர்மென்ட் விழா 30-ஆம் தேதி மாலை. ரேவதியின் மாமனார் மாமியார் வருகிறார்களாம். விசாலம் பட்டுச்சேலையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறாள். எனக்கு ஒரு சட்டை எடுத்து வந்தாள், கை நீளமாக இருக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

சாப்பாடு இறங்கவில்லை. விசாலம் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். அசிடிட்டி என்றேன்.

வரதராஜுலு சார் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. அப்போது அவர்தான் வொர்க்ஸ் மேனேஜர். அந்த லாட் போன அன்றைக்கு ஐந்தரை மணிக்கு அவர் என் அறைக்கு வந்தார். அவரே வந்தார், கூப்பிட்டு அனுப்பவில்லை. அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. செத்தவர்மேல் பழி போடுவது சுலபம் என்பதால் இதற்குமேல் எழுதவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

இன்றைக்குக் காப்பியிலிருந்து ஃபைலை மீட்டு வேறு பெயரில் பத்திரமாக வைத்துவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். யாருக்கும் காட்டுவது பிறகு. முதலில் காப்பாற்றி வைப்போம், அப்புறம் யோசிப்போம் என்று.

காலையில் சம்பளப் பிரிண்டர் மக்கர் செய்தது. மத்தியானம் ஸ்ரீதர் மீட்டிங் வைத்தார். ஐந்தரைக்கு உட்கார்ந்து மீட்கும் கட்டளையைத் தட்டினேன். சரியாகத் தட்டியிருக்கிறேனா என்று இரண்டு தடவை வாசித்தேன். ஏசிக்காரன் வந்தான். பத்து நாளாகக் கூப்பிட்டும் வராதவன் இன்றைக்கு வந்தான். ஏணி பிடிக்க ஆள் இல்லை, நான்தான் பிடித்தேன். ஏதோ கேஸ் போய்விட்டது என்றான். அவன் போனபோது ஆறு ஐம்பது.

பத்து நிமிடம் இருந்தது. மீட்க ஒரு நிமிடம் போதும். திரையில் கட்டளை அப்படியே நின்றது. ஒரு டிரைவர் செத்திருக்கிறார், யார் செய்தது என்று கேட்டால் கை எந்தப் பக்கம் நீளும் என்று நினைத்தேன். விழா மேடையில் உட்காரப் போகிற ரேவதியின் மாமனாரை நினைத்தேன். நாச்சிமுத்து அண்ணனையும் நினைத்தேன். எல்லோரையும் நினைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்டரை அழுத்தவில்லை.

ஏழு மணிக்குக் காப்பி ஓட ஆரம்பித்தது.

மார்ச் 20, புதன்

ஏசி நன்றாகக் குளிர்கிறது.

மார்ச் 25, திங்கள்

பங்குனி உத்திரம். மருதமலைக்கு விசாலம் மட்டும் போனாள்.

ரெஹானா வந்துவிட்டாள். டேட்டா எல்லாம் புது இடத்துக்கு ஏறுகிறது. என்னோடு வேலை விஷயம் மட்டும் பேசுகிறாள். டீ வந்தால் எழுந்து வெளியே போய்க் குடிக்கிறாள்.

கடிதம் தயார் செய்தேன். 'கம்ப்யூட்டரில் உள்ள 2,316 ஃபைல்களும் தேடப்பட்டன. லாட் 4471-ஐ நிறுத்தி வைக்கும்படி எந்தக் குறிப்பும் காணப்படவில்லை.' ஸ்ரீதர் வாசித்துவிட்டு, "பாவம்தான், என்ன செய்ய" என்று கையெழுத்துப் போட்டார். கீழே நானும் போட்டேன். அதில் பொய்யான சொல் ஒன்று கூட இல்லை.

மார்ச் 27, புதன்

சத்யகலா வந்து கடிதத்தை வாங்கிக்கொண்டாள். கேட் பக்கத்திலேயே நின்று வாசித்தாள். மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "தேங்க்ஸ் சித்தப்பா. இவ்வளவு சிரமப்பட்டுத் தேடியிருக்கீங்க" என்றாள்.

மார்ச் 28, வியாழன்

பத்து மணிக்கு அவருடைய போன்.

"பாத்தேன் தம்பி. ரெண்டாயிரத்து முன்னூறு ஃபைலா? நொம்ப சிரமம் குடுத்துட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்ணா."

"தெரிஞ்சு போச்சு. என்டரை அமுத்தாமத்தான் ஓடியிருக்கறேன். பஸ்ஸைப் புடிக்கற அவசரம். அப்ப நான் இத்தனை வருசமா எல்லார்கிட்டயும் பொய்யில்ல சொல்லீட்டு இருந்திருக்கறேன். கம்பெனியைத் திட்டுனேன், வரதராஜுலு சாரைத் திட்டுனேன். செத்துப்போனவரை."

அண்ணா, இருங்க என்றேன். அவர் நிறுத்தவில்லை.

"ஞாயித்துக்கெழமை அன்னூர் போறேன். அந்த டிரைவரு சம்சாரம் அங்கதான் இருக்குது. என்ற தப்புதான்னு சொல்லி மன்னிப்புக் கேக்கோணும். இதை அப்பவே செஞ்சிருக்கோணும்."

வைத்துவிட்டார். ஆனை மாதிரி இருந்த மனிதனை ஒரு தாளில் விழுத்தாட்டிவிட்டேன்.

மார்ச் 29, வெள்ளி

புனித வெள்ளி, லீவு. காலையில் கண்ணம்பாளையம் போனேன். விசாலத்திடம் சொல்லவில்லை.

வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வா தம்பி வா. கண்ணு, சித்தப்பா வந்திருக்கறான் பாரு, காப்பி வையி." இத்தனை வருடத்தில் ஒரு தடவை எட்டிப் பார்க்காதவனுக்கு அந்த வரவேற்பு.

உட்காராமலே சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தை எதுவும் வரவில்லை.

"அண்ணா, நீங்க என்டரை அமுத்துனீங்க. குறிப்பு இருந்துச்சு. நான்தான் அழிச்சேன். நீங்க கிளம்பிப் போன கொஞ்ச நேரத்துல வரதராஜுலு சார் என்ற ரூமுக்கு வந்தாரு. லாரி நிக்குது, சீட்டு வரமாட்டேங்குது, அந்த வரியை எடுத்துவிடு, மேல்கொண்டு நான் பாத்துக்கறேன்னாரு. எடுத்துட்டேன். என்னைத் தவிர வேற யாராலயும் எடுக்க முடியாது. விசாரணைல மெஷினைத் தொறந்து காட்டுனதும் நான்தான். வாயைத் தொறக்கலை. அடுத்த மாசம் என்னைக் கம்ப்யூட்டர் செக்ஷனுக்கு ஹெட் ஆக்குனாங்க."

அவர் பேப்பரை மடித்து நாற்காலியில் வைத்தார். பிறகு சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார்.

"உக்காரு தம்பி. நேத்து போன்ல நான் பேசுனதுல பயந்துட்டியா?"

"இல்லீங்ணா, நெசமாத்தான்."

"சரி, அழிச்சேங்கற. அந்த வரி எங்க? காட்டு பாக்கலாம்."

"இல்லீங்ணா. இந்த மாசம் வரைக்கும் உள்ளயே கெடந்துச்சு. பதிமூணாந்தேதி அதையும் நான்தான்..."

"முந்தாநேத்து சீல் வெச்சு எழுதிக் குடுத்தது யாரு? நீதான. இன்னைக்கு வந்து வேற சொல்ற. எனக்குத் தெரியும் தம்பி. கெழவன் மனசு ஒடிஞ்சு போயிடுவான்னு பழியைத் தூக்கி உன்ற தலைல போட்டுக்கற. நீ அந்தக் காலத்துலயே அப்படித்தான், யாராச்சும் அழுதாப் பாக்கமாட்ட. நல்ல மனசு. ஆனா எனக்கு இனிப் பொய்யி வேண்டாம். நொம்ப வருசம் ஆச்சு, களைச்சுப் போயிட்டேன்."

விழுந்து காலைப் பிடித்தேன். தூக்கி நிறுத்தி, முதுகைத் தட்டிக்கொடுத்தார். ஆறுதல் சொன்னார், எனக்கு. காப்பியைக் குடிக்கச் சொன்னார். குடித்தேன். அதையும் குடித்தேன்.

சத்யகலா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே வந்தாள்.

"அது நெசந்தானுங்களே?"

"நெசந்தாம்மா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எனக்கு ஒன்பது வயசுல பள்ளிக்கூடத்துல கொலைகாரன் புள்ளைன்னு கூப்புட்டாங்க. எங்கப்பா தட்டி வெச்சாரு, யாரோ அழிச்சுட்டாங்கன்னு சொல்லுவேன். ஒருத்தரும் நம்பலை. கடைசில எங்கப்பாவே நம்பாமப் போயிட்டாரு" என்றாள். பஸ் வந்தது. நான் ஏறும் வரை நின்றாள்.

மார்ச் 30, சனி

காலையில் நடந்ததை நாலு பக்கம் எழுதி ஸ்ரீதரிடம் கொடுத்தேன். வாசித்தார். முகம் செத்துப்போய்விட்டது. "அந்த ஃபைல் இருந்தாலாச்சும் ஏதாச்சும் செய்யலாம் சார். இப்ப இது உங்க வார்த்தை மட்டுந்தான். வக்கீல்கிட்டக் கேக்கறேன்" என்று டிராயரில் போட்டுப் பூட்டினார். ரெஹானாவிடம் கேட்டிருக்கிறார். பதினெட்டாயிரம் இருந்தது, அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது என்று அவள் சொன்னாளாம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உடம்பு சரியில்லை என்று எல்லோருக்கும் போன் போட்டது விசாலம். பிறகு அவளிடமும் சொன்னேன். இன்னும் என்னோடு பேசவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

காலை பத்தரைக்கு மெஷினை நிறுத்தினோம். விளக்கு அணைந்து, ஃபேன் ஓடி நிற்க ஒரு நிமிடம் ஆயிற்று.

மாலை நாலரைக்கு சத்யகலா பேசினாள். அன்னூர் போய்விட்டு வந்துவிட்டார்களாம்.

"அந்தம்மா மோர் குடுத்தாங்க. அப்பா எல்லாத்தையும் சொன்னாரு, அவசரத்துல என்டரை அமுத்தாம வந்துட்டேன், உங்க வீட்டுக்காரரு என்னாலதான் போயிட்டாருன்னு. அவிங்க கொஞ்ச நேரம் அழுதாங்க. அப்பறம், இத்தனை வருசம் கழிச்சு வந்து சொல்றதுக்கும் மனசு வேணும், நாங்க மன்னிச்சுட்டோம், நீங்க நிம்மதியா இருங்கன்னாங்க."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"திரும்பி வாறப்ப பஸ்ல என் தோள் மேல சாஞ்சு தூங்கிட்டாரு சித்தப்பா. எனக்கு நெனவு தெரிஞ்சு எங்கப்பா அப்படித் தூங்கி நான் பாத்ததில்லை. வந்து கை கால் கழுவிட்டு இப்பவும் படுத்துத் தூங்கறாரு."

"சந்தோசம்மா."

"அதுக்குத்தான் கூப்புட்டேன். நீங்க இனி எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க. போனும் பண்ணாதீங்க. அவருகிட்ட மறுபடியும் அந்தப் பேச்சை எடுக்கவே எடுக்காதீங்க. ஒருவேளை நம்பிட்டாருன்னா நான் என்ன பண்ணுவேன்?"

சரிம்மா என்றேன். வைத்துவிட்டாள்.

இருபத்துநாலு வருடம் நானாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மிச்சமிருக்கிற நாளெல்லாம் அவள் சொன்னதற்காக மூடிக்கொண்டிருக்க வேண்டும்.